மையும் தூரிகையும் ஒரு தபாலட்டையும்



இப்பக்கத்தில் வழமையாக வருமானம் தரும் கைவேலைகளைப் பற்றியே எழுதி வருகிறோம். இம்முறை எழுதப் போவது ஒரு சதமும் சம்பாதித்துத் தராத கைவேலை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. யப்பானியர்கள் தூரிகையும் கறுப்பு மையும் கொண்டு எழுதும் எழுத்துக்கலை, அதிலிருந்து பிறந்த படக்கடிதம் ஆகிய இரண்டையும் பற்றியது இது. "சோற்றுக்கு வழி பார்க்கும் நேரத்தில் யப்பான் எழுத்தா?" என்று கேட்பவர்கள் இருப்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

எமது பெண்களின் கை கடந்த இருபது வருடங்களில் எதை எழுதியிருக்கிறது என்று கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். கிராம அலுவலருக்கு விண்ணப்பம். பிரதேச செயலகத்துக்கு மனு. வீட்டுத்திட்டத்துக்குப் படிவம். வங்கிக் கடனுக்குப் படிவம். நிவாரணத்துக்கு, சமுர்த்திக்கு, 2023 இன் பின் அஸ்வெசுமவுக்கு என்று வேறு வேறு படிவங்கள். உறவுகளைத் தேடுபவர்களுக்கு இதைவிட இன்னொரு வரிசை இருக்கிறது. 2010 இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013 இல் காணாமற்போனோர் தொடர்பான ஜனாதிபதி ஆணைக்குழு, 2018 இல் இயங்கத் தொடங்கிய காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம். ஒவ்வொரு இடத்திலும் அதே விபரத்தை முதலில் இருந்து எழுத வேண்டும். பெயர், அடையாள அட்டை இலக்கம், கடைசியாகக் கண்ட திகதி, கடைசியாகக் கண்ட இடம். படிவத்தில் அதற்கென்று விட்டிருக்கும் இடம் இரண்டு கோடுதான். பல தாய்மார் அந்த இரண்டு கோட்டையும் தாங்களாக நிரப்பவும் இல்லை. "எழுத்து வடிவில்லை, பிள்ளை, நீயே எழுதித்தா" என்று பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

ஆக, எமது கையெழுத்து இப்போது அலுவலகங்களின் கோப்புகளில் மாத்திரம் இருக்கிறது. நாமாக, எமக்குப் பிடித்த ஒருவருக்கு, எமது விருப்பத்தில் எழுதிய தாள் ஒன்று எத்தனை வீடுகளில் இருக்கும்?

முன்பு அப்படி இருக்கவில்லை. யுத்த காலத்தில் கடிதம் என்பது எமக்குச் சாப்பாட்டுக்கு அடுத்த பொருள். பாதை பூட்டப்பட்டிருந்த நாட்களில் தபால் வாரக்கணக்கில் தாமதித்து வந்தது. 1989 முதல் இலங்கையில் பணியாற்றி வந்த சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் பிரிந்துபோன குடும்பங்களுக்கிடையிலும், தடுத்து வைக்கப்பட்டவர்களுக்கும் வீட்டாருக்கும் இடையிலும் செய்திக் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தது. அந்தப் படிவத்தைக் கண்டவர்களுக்கு நினைவிருக்கும். ஒட்டாத, திறந்த தாள். குடும்பச் செய்தி மட்டும் எழுதலாம், வேறெதுவும் எழுதக்கூடாது. இடையில் மற்றவர்கள் வாசிப்பார்கள் என்பது எழுதியவருக்கும் தெரியும், பெற்றவருக்கும் தெரியும். அதனால் அவற்றில் எழுதியிருந்ததெல்லாம் "நாங்கள் சுகம், நீர் சுகமா, தங்கச்சி வளர்ந்துவிட்டாள், மாடு கன்று போட்டது" என்ற அளவில்தான் இருந்தது.

ஆனால் அந்தத் தாள் கையில் கிடைத்ததும் பெண்கள் முதலில் செய்தது வாசிப்பதல்ல. கையெழுத்தைப் பார்ப்பது. அவருடைய "க" தானா, அந்தக் கொம்பை அவர் சுழிக்கும் விதம் தானா என்று பார்ப்பது. அது தெரிந்துவிட்டால் ஆள் உயிரோடு இருக்கிறார், பேனை பிடிக்கும் நிலையில் இருக்கிறார் என்று அர்த்தம். வேறொருவரின் கையெழுத்தில் வந்துவிட்டால், உள்ளே என்ன நல்ல செய்தி இருந்தாலும் நெஞ்சு பதறும். 2009 இல் நெளுக்குளத்துப் பாடசாலைக் கட்டிடங்கள் இடம்பெயர்ந்த மக்களால் நிரம்பியிருந்த போதும், ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்குக் கைமாறிய துண்டுகளில் பெரும்பாலும் பெயர்கள் மட்டும்தான் இருந்தன. அந்தப் பெயர்களை எழுதிய கை யாருடையது என்பதே செய்தி.

இன்றைக்கு வைபரில் முகம் பார்த்துக் கதைக்கிறோம். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. கனடாவிலிருக்கும் மகளின் முகத்தைப் பார்ப்பதை எந்தக் கடிதமும் ஈடு செய்யாது. ஆனால் போன் பழுதாகிப் போனால் அதிலிருந்த குரலும் போய்விடுகிறது. ட்ரங்குப் பெட்டியின் அடியில், சேலை மடிப்புக்குள் வைத்துக் காத்த கடிதங்கள் பல இடப்பெயர்வுகளைக் கடந்தும் சிலரிடம் இன்னும் இருக்கின்றன.

கையெழுத்தில் ஆளைக் காணும் இந்தப் பழக்கத்தை ஒரு பெரிய கலையாக வளர்த்தவர்கள் யப்பானியர்கள். ஷோடோ என்று அதற்குப் பெயர். எழுத்தின் வழி என்று பொருள். சீனாவிலிருந்து எழுத்தைக் கற்றுக்கொண்ட அவர்கள், காலப்போக்கில் தமக்கென்று எழுத்து வடிவங்களையும் உண்டாக்கினார்கள். இதற்கு வேண்டிய பொருட்கள் நான்கு: தூரிகை, மை, மை அரைக்கும் கல், தாள். தாள் பறக்காமல் இருக்க ஒரு பாரம், அடியில் விரிக்க ஒரு துணி, அவ்வளவுதான். தரையில் நிமிர்ந்து இருந்து எழுதுவது அவர்களின் பழைய முறை. பாயில் இருந்து பழகிய எமக்கு அதில் கஷ்டமில்லை.

இதில் பெண்களின் கதை ஒன்று இருக்கிறது. ஆயிரம் வருடங்களுக்கு முன்னர் யப்பானில் அரச அலுவல்களும் கல்வியும் சீன எழுத்திலேயே நடந்தன. அது ஆண்களுக்குரியது. பெண்கள் அதைப் படிப்பது அழகல்ல என்று கருதினார்கள். பெண்கள் பெரும்பாலும் எழுதியது, சீன எழுத்துக்களைச் சுருக்கி வளைத்து உண்டான ஹிரகானா என்ற இலகுவான எழுத்தில். அதற்கு "பெண் கை" என்றே பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் அந்தப் "பெண் கை" எழுத்தில்தான் முரசாகி ஷிகிபு என்ற பெண் உலகமே இன்றும் வாசிக்கும் "கெஞ்சியின் கதை"யை எழுதினார். அவர் தமது நாட்குறிப்பில் ஒரு விடயத்தைச் சொல்கிறார். சகோதரனுக்குப் பாடம் நடக்கும்போது பக்கத்தில் இருந்து கேட்டே இவர் அவனைவிட விரைவாகச் சீன எழுத்தைப் படித்துக்கொண்டாராம். இவள் ஆணாகப் பிறக்கவில்லையே என்று தகப்பன் கவலைப்பட்டாராம். எங்கேயோ கேட்ட கதை போல் இல்லையா? 935 ஆம் ஆண்டளவில் கி நோ சுராயுகி என்ற ஆண் கவிஞர் ஒரு பயண நாட்குறிப்பை எழுதியபோது, பெண் எழுதுவது போலப் பாவனை செய்து "பெண் கை"யிலேயே எழுதினார். அந்த எழுத்தின் சுகம் அப்படி.

அக்காலத்து அரண்மனையில் ஒருவரைப் பார்ப்பதற்கு முன்னரே அவருடைய கடிதத்தைப் பார்த்துவிடுவார்கள். எழுத்தின் ஓட்டம், தாளின் நிறம், கடிதத்தோடு கட்டி அனுப்பிய பூங்கிளை எல்லாமே கணக்கில் எடுக்கப்படும். இப்போது வெளிநாடுகளில் தபாற்கலை என்று பேசுகிறார்கள். 1960 களில் நியூயோர்க்கில் ரே ஜோன்சன் என்ற ஓவியர் தபாலில் படங்களை அனுப்பி ஒரு வட்டத்தையே உருவாக்கினார் என்பது உண்மைதான். பூங்கிளையோடு கடிதம் கட்டி அனுப்பிய அந்த அரண்மனைப் பெண்கள் அவருக்கு முன்னோர் என்று நான் சொல்வேன்.

யப்பானியரைப் பற்றி எழுதும்போது எமது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அருணாசலம் சண்முகதாஸையும் அவர் துணைவியார் கலாநிதி மனோன்மணி சண்முகதாஸையும் குறிப்பிடாமல் போவது சரியல்ல. யப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று ஆராய்ந்த பேராசிரியர் சுசுமு ஓனோவுடன் இவர்கள் பல வருடங்கள் பணியாற்றினார்கள். மனோன்மணி அம்மையார் யப்பானின் மிகப் பழைய பாடல் தொகுதியான மன்யோஷுவின் பாடல்களைத் தமிழுக்குக் கொண்டு வந்தவர், எமது அகப்பாடல்களோடு அவற்றை ஒப்பிட்டவர். ஓனோவின் மொழியுறவுக் கருத்தை மொழியியலாளர் பெரும்பாலானோர் ஏற்றுக்கொள்ளவில்லை. எமது தைப்பொங்கலையும் யப்பானில் ஜனவரி 15 அளவில் வரும் சிறிய புத்தாண்டையும் ஓனோ பக்கம் பக்கமாக வைத்துக் காட்டியதை மட்டும் இங்கே நினைவூட்டுகிறேன். ஏனென்றால் அதில் எழுத்தும் வருகிறது. யப்பானியர் ஜனவரி 2 ஆம் திகதி வருடத்தின் முதல் எழுத்தைத் தூரிகையால் எழுதுவார்கள். அந்தத் தாளை 15 ஆம் திகதியளவில் மூட்டும் நெருப்பில் இடுவார்கள். எரியும் தாள் உயர எழும்பினால் அந்த வருடம் கையெழுத்துத் தேறும் என்று நம்பிக்கை. விஜயதசமியன்று தட்டத்து அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து ஏடு தொடக்கும் எமக்கு இது விளங்காத விடயமல்ல.

இனி மை. யப்பானியரின் மை விளக்குக்கரியால் ஆனது. நாரா நகரத்துப் பட்டறைகளில் எண்ணெய் விளக்குகளை வரிசையாக எரியவிட்டு, மேலே மூடி கவிழ்த்து, அதில் படியும் கரியைச் சுரண்டி எடுத்து, மிருகத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசையோடு பிசைந்து கட்டியாகக் காய வைப்பார்கள். எழுதும்போது கல்லில் தண்ணீர் விட்டு அந்தக் கட்டியை உரைப்பார்கள். இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது. கண்மை கூட்டத் தெரிந்த எந்தப் பெண்ணுக்கும் இது புது வித்தையல்ல. எழுத்தாணியால் கீறிய ஏட்டில் எழுத்துத் தெரிய எமது முன்னோர் தடவியதும் விளக்குக்கரிதான். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளைகளின் மூக்குத் துவாரங்கள் காலையில் கறுத்துக் கிடந்ததும் அதே கரிதான். அத்தனை வருடங்களாக எவ்வளவு மையைச் சுவாசித்திருக்கிறோம்!

வீட்டில் செய்து பார்க்க விரும்புபவர்கள் நல்லெண்ணெய் விளக்கு ஏற்றி, சுடருக்குச் சற்று மேலே ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து வையுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், நாற்றம் போகாது. படிந்த கரியைக் கோழி இறகால் தடவி எடுங்கள். விளாம்பிசினோ வேப்பம்பிசினோ கொஞ்சம் எடுத்து இளஞ்சூட்டுத் தண்ணீரில் இரவு ஊற வைத்து, துணியில் வடித்து, அந்தப் பசைத் தண்ணீரைத் துளித்துளியாக விட்டுக் கரியைத் தட்டையான கல்லில் அரையுங்கள். அவசரப்படாமல் அரைக்க வேண்டும். எழுதிக் காய்ந்த பிறகு விரலில் கறுப்பு ஒட்டினால் பிசின் போதாது. பளபளத்து வெடித்தால் பிசின் கூடிவிட்டது. இதற்கெல்லாம் நேரமில்லாதவர்கள் புத்தகக் கடையில் கறுப்புப் போஸ்டர் வர்ணம் ஒன்று வாங்கித் தண்ணீர் கலந்து எழுதலாம், பிழையில்லை. தூரிகையும் அப்படியே. பாடசாலைப் பிள்ளைகள் பாவிக்கும் உருண்டை நுனித் தூரிகையில் பெரியதாக ஒன்று போதும். பழகுவதற்குப் பழைய பத்திரிகைத் தாள். யப்பானியப் பிள்ளைகளும் பழைய பத்திரிகையில்தான் பழகுகிறார்கள். பாரத்துக்கு ஒரு கூழாங்கல்.

தூரிகையை நெட்டாகப் பிடியுங்கள். மணிக்கட்டைத் தரையில் ஊன்றாமல் முழுக்கையும் அசைய எழுத வேண்டும். பேனை பிடித்த கைக்கு முதலில் இது திக்குமுக்காடும். ஒரு கோடு முடியும் விதம் மூன்று: அழுத்தி நிறுத்துவது, நிறுத்தி மேலே சுண்டுவது, மெல்ல மெல்ல அழுத்தத்தைக் குறைத்து வழியவிடுவது. இந்த மூன்றும் கைவந்தால் பாதிக் கலை வந்தமாதிரி. இன்னொரு கட்டுப்பாடு உண்டு. ஒருமுறை இழுத்த கோட்டின் மேல் திரும்பப் பூசித் திருத்தக்கூடாது. பிழைத்தால் பிழைத்ததுதான், புதுத் தாளில் திரும்ப எழுதலாம்.

யப்பானிய எழுத்தே எழுத வேண்டும் என்றில்லை. தமிழெழுத்தில் தொடங்குங்கள். எமது எழுத்துக்கள் ஓலையில் பிறந்தவை, வளைவு அதிகம். தூரிகைக்கு வளைவு கடினம். ஆகவே முதலில் "ட". மேலிருந்து இறக்கி, நிறுத்தி, திருப்பி, வலப்பக்கம் இழுத்து நிறுத்துவது. அடுத்து "ப", "ம". பிறகு கீழே வழியவிடும் "ர". "ழ"வைக் கடைசியில் தொடுங்கள். இப்படி எழுத்தெழுத்தாகப் பழகிய பின் ஒரு சொல். மழை, குளம், அம்மா என்று எதுவும் எழுதலாம். ஆனால் நான் சொல்வது, முதற் சொல்லாக உங்கள் சொந்தப் பெயரை எழுதுங்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று படிவத்தில் எழுதும் பெயரை அல்ல. பெற்றவர்கள் வைத்த பெயரை, தாள் முழுவதும் நிறையும்படி பெரிதாக. பெருவிரல் அடையாளம் வைத்தே காலம் கழித்தவர்களும் பெயரளவாவது எழுதலாம்.

யப்பானில் எழுத்து ஆசிரியர்கள் மாணவரின் தாளைச் செம்மஞ்சள் மையால் திருத்துவார்கள். கோணல்களை மாத்திரம் காட்டுவதில்லை, நன்றாக வந்த இடத்திலும் ஒரு வட்டம் போடுவார்கள். சிவப்புப் பேனையால் அடி வாங்கியே வளர்ந்த எமது கொப்பிகளுக்கு அந்த வட்டம் கிடைத்ததில்லை.

இவ்வளவு படித்த பின்னும், "எனக்கு எழுத்து வடிவில்லை, படமும் கீறத் தெரியாது" என்று பின்வாங்குபவர்கள் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் அடுத்த பகுதி. குனியோ கொய்கே என்றொருவர், 1941 இல் பிறந்தவர், எழுத்துக்கலை படிக்கப் பல்கலைக்கழகம் போய் அதை முடிக்காமல் வெளியேறியவர். மாதிரியைப் பார்த்து அச்சுப்போல எழுதுவதில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. அவர் வளர்த்தெடுத்ததுதான் எத்தெகாமி என்ற படக்கடிதம். ஒரு தபாலட்டை, அதில் கண்முன் இருக்கும் ஒரு பொருளின் படம், பக்கத்தில் இரண்டொரு வரி. 1978 இல் ஒரு சஞ்சிகைக்காக அவர் ஒரு வருடமாக இருந்து 60,000 அட்டைகளைத் தமது கையாலேயே வரைந்தார். இன்று யப்பானில் பிப்ரவரி 3 ஆம் திகதியைப் படக்கடித நாளாகக் கொண்டாடுகிறார்கள். 2023 இல் கொய்கே காலமானார். கை பழகாமல் இருந்தால் பரவாயில்லை என்பது மட்டுமல்ல, பழகாத கையே நல்லது என்பதுதான் இவர்களின் கொள்கை.

இதில் தூரிகையை நெட்டாகப் பிடித்தாலும் நுனிக் காம்பில், இரண்டு மூன்று விரலால் மட்டும் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் யாருடைய கோடும் நடுங்கும். அந்த நடுக்கம்தான் வேண்டும். பென்சிலால் முதலில் கீறிப் பார்க்கக்கூடாது. பொருளை உற்றுப் பார்த்துக்கொண்டு, எறும்பு ஊர்வது போல மெதுவாகக் கோட்டை இழுக்க வேண்டும். படம் அட்டைக்குள் அடங்க வேண்டியதில்லை. முருங்கைக்காய் நீளமென்றால் அதன் நுனி அட்டைக்கு வெளியே போகட்டும். பிறகு ஒன்றிரண்டு வர்ணம். கடைசியில் ஒரு சிறு சிவப்பு முத்திரை. யப்பானியர் அழிறப்பரில் பெயரின் முதலெழுத்தை வெட்டிச் செய்கிறார்கள். இதற்கு உருளைக்கிழங்குத் துண்டு போதும். ஆனால் எழுத்தை இடவலம் மாற்றி வெட்ட வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

நெளுக்குளத்தில் ஒரு வீட்டு விறாந்தையில் நாங்கள் ஆறு பேர் இருந்து இதைச் செய்து பார்த்தோம். செல் துண்டு பட்டு இரண்டு விரல் மடங்காத ஒரு அக்கா முதலில் தூரிகையைத் தொடவே மாட்டேன் என்றார். அவரைப் பொறுத்தவரை கை என்பது மற்றவர்கள் பார்க்கக்கூடாத பொருள். பிறகு பாவற்காய் ஒன்றை வரைந்தார். பாவற்காயின் தோலில் ஏற்கெனவே அவ்வளவு மேடு பள்ளம் இருப்பதால், நடுங்கிய கோடு அதற்கு அச்சொட்டாகப் பொருந்திவிட்டது. பள்ளிக்கூடத்தில் சித்திரத்துக்குப் பரிசு வாங்கிய இன்னொருவரின் கத்தரிக்காய், சொல்லப்போனால், கலண்டர் படம் போல இருந்தது. அக்கா பாவற்காய்க்குப் பக்கத்தில் எழுதியது இவ்வளவுதான்: "இம்முறை ஆறு காய்த்தது. ஒன்று உனக்கு." அதைத் திருமணமாகித் திருச்சியில் இருக்கும் தங்கைக்கு அனுப்பினார். கடைசியாக எப்போது அவருக்குக் கடிதம் எழுதினீர்கள் என்று கேட்டோம். நினைவில்லை என்றார்.

வரி எழுதும்போது "நலம், நலமறிய ஆவல்" வேண்டாம். அது எல்லாக் கடிதத்திலும் இருப்பது. இன்றைக்குக் கண்ணில் பட்டதை எழுதுங்கள். குளத்தில் தண்ணீர் எந்தப் படி வரை நிற்கிறது, பாலைப்பழம் வந்துவிட்டதா, கோழி எத்தனை முட்டையில் கிடக்கிறது. செஞ்சிலுவைக் கடிதத்தில் வேறொன்றும் எழுத முடியாமல் மாடு கன்று போட்டதை எழுதினோமே, அது உண்மையில் நல்ல கடிதம்தான். சிறையிலிருக்கும் ஒருவருக்கு எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது: கடிதம் பிரித்து வாசிக்கப்பட்டுத்தான் அவரிடம் போகும். வாசிப்பவர் வாசிக்கட்டும். முற்றத்து விளாம்பழத்தின் படத்தில் யாரும் பிழை பிடிக்க முடியாது.

தபாற் செலவு முன்னர் போல இல்லை. 2022 ஓகஸ்டில் சாதாரண கடிதத்தின் முத்திரைக் கட்டணம் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாகக் கூடியது. மாதம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வர்ணம் ஈரத்தில் கரையும் என்பதால் மழை நாளில் என்வலப்புக்குள் வைத்து அனுப்புவது நல்லது.

முகவரி இருப்பவர்களுக்கு இது சரி. முகவரி இல்லாதவர்களுக்கு?

யப்பானின் உள்கடலில் அவாஷிமா என்றொரு சிறு தீவு. அங்கே பாவனையில் இல்லாத பழைய தபாற்கந்தோர் ஒன்று இருந்தது. 2013 இல் குபோட்டா சாயா என்ற இளம் பெண் ஓவியர், அத்தீவில் நடந்த கலை விழாவுக்காக அதைத் திறந்து, முகவரி தெரியாதவர்களுக்கு எழுதும் கடிதங்களை ஏற்கும் தபாற்கந்தோராக்கினார். ஓய்வு பெற்ற அத்தீவின் தபால் அதிபரே அதற்கும் அதிபராக இருந்தார். விழா முடிந்தும் கடிதங்கள் நிற்கவில்லை. இறந்த தாய்க்கு, பிறக்காத பிள்ளைக்கு, சிறுவயதில் பிரிந்த நண்பிக்கு, எங்கே என்றே தெரியாத மனிதருக்கு என்று வந்தன. கடிதங்களை அங்கே பெட்டிகளில் வைத்திருப்பார்கள், வருபவர்கள் எடுத்து வாசிக்கலாம். இது எனக்கு எழுதியது என்று ஒருவர் கண்டுகொண்டால் அதை அவர் கொண்டு போகலாம். 2011 இல் சுனாமி அடித்த வடகிழக்கு யப்பானில் ரிகுசென்தகாதா என்ற ஊரிலும், 2014 இல் ஒருவர் தமது தேநீர்ச்சாலையில் இப்படியொரு தபாற்பெட்டி வைத்தார். அந்தச் சுனாமியில் 2,500 பேருக்கு மேல் இன்னும் கிடைக்கவில்லை. முல்லைத்தீவுக் கரையில் 2004 ஐக் கண்டவர்களுக்கு அதை விபரிக்க வேண்டியதில்லை.

இதை எமது தாய்மாருக்குச் சொல்லும்போது ஒரு தயக்கம் எனக்கு இருந்தது. தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இப்படிக் கடிதம் எழுதி வைப்பது, பிள்ளை இல்லையென்று ஒப்புக்கொள்வது போலாகாதா? மரணச் சான்றிதழை வாங்க மாட்டோம் என்று 2017 முதல் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வீதியோரத்தில் வெயிலிலும் மழையிலும் இருந்த தாய்மாரிடம், இது இன்னொரு விதமான அந்தியேட்டி என்று போய்ச் சேர்ந்துவிடக் கூடாது. அவாஷிமாவின் தபாற்கந்தோர் அப்படியல்ல என்பதை நான் கவனித்துப் பார்த்தேன். அங்கே பெறுநர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று எழுதுபவரை யாரும் கேட்பதில்லை. அதற்கென்று ஒரு கட்டமும் இல்லை. கடிதம் காத்திருக்கும், அவ்வளவுதான். கடைசியாகக் கண்ட திகதியும் இடமும் எழுதி எழுதிக் களைத்த கை, அந்தப் பிள்ளைக்கு இன்று முற்றத்தில் நடந்ததை எழுதலாம். அவன் நட்ட மாமரம் காய்த்ததை எழுதலாம். போராட்டம் ஒரு பக்கம் நடக்கட்டும். மனு மனுவாகவே போகட்டும். இது வேறு தாள்.

அதற்குத் தீவும் வேண்டாம், தபாற்கந்தோரும் வேண்டாம். இறுக்கமான மூடியுள்ள பிஸ்கட் ரின் ஒன்று போதும். அட்டை நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே வையுங்கள். இரண்டு அட்டைக்கு நடுவே ஒரு வெறுந்தாள் வையுங்கள், மை ஒட்டாது. காய்ந்த வேப்பிலை கொஞ்சம் போட்டால் பூச்சி வராது. அட்டையின் பின்பக்கத்தில் திகதியைப் போடுங்கள். பெறுநர் பகுதியில் பெயரை எழுதி, கீழே முகவரிக்கு மூன்று வரி இடம் விடுங்கள். ரின்னைத் தரையில் வைக்க வேண்டாம். கறையான் ஏறும்.